சார் நடக்கக் கூடாது

"சார், நீங்க நடந்து வந்தா எங்க ஊருக்குத்தான் அசிங்கம். வேன்ல ஏறுங்க!"

கொட்டாம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பேண்ட்டை மடித்துவிட்டு நடக்கத் தயாரான அதிகாரி வெங்கடேஷ்பாபுவை, பஞ்சாயத்துத் தலைவி சோணையம்மாள் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுபோய் ஏற்றினாள்.

முன் சீட்டில் டிரைவர் அசீமும் அதிகாரியும். அசீமுக்குப் பின்னால் சோணையம்மாள். அவளை ஒட்டி, சந்தையிலிருந்து திரும்பும் மலையம்மாள், மடியில் கூடையோடு. கடைசி சீட்டில் தவசியும் ஊர்க்காரர்கள் நாலு பேரும்.

கிராமங்களுக்கு மினி பஸ் வரப்போகிறது. எந்த ஊருக்கு என்று இந்த மனிதர்தான் பார்த்து எழுத வேண்டும். பஸ் வந்தால் சோணையம்மாளின் மகள் கொட்டாம்பட்டியில் ஒன்பதாவது சேருவாள். வராவிட்டால், "பொம்பளப்பிள்ளை காட்டு வழியில தனியா நடக்கவா?" என்று அவள் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார்.

அதற்காகத்தான் ஊரே கூடிப் பாதையில் கிராவல் கொட்டியது. கல்யாண ஓட்டத்துக்குப் போகிற அசீமின் வேனை இன்று ஒருநாள் பிடித்ததும் அதற்காகத்தான். ஆள் ஏறுகிற வண்டி அந்த ஊருக்குள் போவது இதுதான் முதல் தடவை.

"பாத்து தம்பி! குலுங்குச்சுன்னா ரோடு சரியில்லேன்னு எழுதிப்புடுவாரு," என்று சோணையம்மாள் அசீமின் காதில் கிசுகிசுத்தாள்.

"நீங்க தோளை அமுக்காம இருந்தாலே குலுங்காதுக்கா."

அதிகாரி திரும்பினார். "எல்லாரும் தினமும் வேன்லதான் போய் வருவீங்களா?"

மலையம்மாள் திருதிருவென்று விழித்தாள். சோணையம்மாள் முந்திக்கொண்டாள். நடந்தே பழகின சனம், டிக்கெட் எடுக்காது என்று இவர் எழுதிவிட்டால்?

"ஆமா சார்! எங்க ஊர்ல யாரும் நடக்குறதே கெடையாது. காசப் பாக்க மாட்டாக."

கடைசி சீட்டில் தவசி இருமினான். அவள் திரும்பி முறைத்ததும் இருமல் நின்றது.

அதிகாரி சிரித்தார். "ரொம்ப சந்தோஷம்மா."

ஊரைச் சுற்றிப் பார்த்து, இளநீர் குடித்துவிட்டு, அதே வேனில் கொட்டாம்பட்டி திரும்பினார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதிகாரி விறுவிறுவென்று எழுதி, கவரை ஒட்டினார்.

"நான் இப்படியே நத்தம் போறேன். இது மதுரை ஆபீசுக்குத் தபால்ல போகணும்."

"குடுங்க சார், நானே போடுறேன்."

வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எதிரே இருந்த தபால்பெட்டிக்குள் போட்டாள். அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

நத்தம் பஸ் நகர்ந்தது. அதிகாரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா! வண்டி வசதியே இல்லாத ஊருக்குத்தான் மினி பஸ். உங்களுக்குத்தான் தினமும் வேன் ஓடுதே!"