ஈரம் பார்க்கும் மீட்டர்

"திற மகள், திற! உள்ளுக்க என்ன வித்தை வச்சிரிக்காரு எண்டு இண்டைக்குப் பாத்துப் போடுவம்."

கச்சிமுகம்மது இப்படிச் சத்தம் போட்டபோது, நெல் வியாபாரி முத்தலிப் ஹாஜியார் பக்கத்து நாற்காலியில் இருந்தார். கல்முனை பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் ஸஹ்றா நடத்தும் மின்சாதனம் திருத்தும் கடை அது. அவளுடைய மேசையில் ஹாஜியாரின் நெல் ஈரம் பார்க்கும் மீட்டர் இருந்தது. பழைய ஜப்பான் சாமான். ஒரு கிண்ணம் நெல்லைக் கொட்டினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று இலக்கத்தில் காட்டிவிடும். பதினான்கு என்றால் முழு விலை. அதற்கு மேலே போகப் போக விலை இறங்கும். பதினெட்டைத் தாண்டினால் எந்த வியாபாரியும் அந்த நெல்லைத் தொடமாட்டான்.

கச்சிமுகம்மதுவின் நெல்லுக்கு அது பதினாறு காட்டியிருந்தது. மழைக்குள் அறுத்த நெல்தான், அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காரைதீவு றோட்டில் விரித்து, மாடுகளோடும் மோட்டார் சைக்கிள்காரர்களோடும் மல்லுக்கட்டிக் காயவைத்த நெல் அல்லவா? மனிதருக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு பள்ளிவாசலுக்குப் போய் அதன் நிர்வாகிகளான மரைக்காயர்மாரிடம் முறையிட்டார்.

மீட்டரைக் கல்முனையில் திறந்து பார்ப்பது என்று முடிவானது. உள்ளே கள்ளம் இருந்தால் ஹாஜியார் இனி அவர்கள் ஊரான மாவடிப்பள்ளியில் நெல் வாங்கக் கூடாது. இல்லாவிட்டால் கச்சிமுகம்மது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்த ஜமாஅத்தின் முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"பழைய சாமான் மகள்," என்றார் ஹாஜியார் மெல்ல. "திறந்தாப் பழுதாப் போயிரும். நான் புதிசு ஒண்டு வாங்கிக்கிறன்."

"பாத்தியா மகள்? ஒளிக்க ஒண்டும் இல்லாட்டி இவருக்கு ஏன் பயம்?"

ஸஹ்றா இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு ஆணிகளைக் கழற்றினாள். மூடி வந்தது. உள்ளே உமித் தூசி அப்பிக் கிடந்தது. தூரிகையால் தட்டிவிட்டாள்.

"மாஷா அல்லாஹ்! என்ன நுணுக்கமா செஞ்சிரிக்கானுகள் பாருங்க மாமா. இந்தக் கம்பியக் கையாலதான் சுத்தியிரிக்கான், ஒரு இழை பிசகல்ல."

கச்சிமுகம்மதுவுக்கு அந்த அழகெல்லாம் தேவைப்படவில்லை. பச்சைத் தகட்டின் மேல் கழுத்தை நீட்டி, ஒரு காந்தத்தையோ களவாக வைத்த வயரையோ தேடிக்கொண்டிருந்தார்.

ஸஹ்றா ஒரு மூலையில் பூதக்கண்ணாடியைப் பிடித்தாள்.

"இந்தச் சின்னத் திருகாணிதான் அளவச் சரி பண்றது. கம்பெனிக்காரன் சரி பாத்துப் போட்டு, ஆரும் தொடக் கூடாதெண்டு சிவப்பு மையால கோடு போட்டிருவான். இதுல கோடு வெடிச்சு விலகியிரிக்கி. ஆரோ திருப்பியிரிக்காங்க."

"ஆரு?" கச்சிமுகம்மது எழுந்தேவிட்டார்.

"நான்தான்," என்றார் ஹாஜியார். "இந்தப் போகம் தொடங்கக்குள்ள திருப்பின. மூடு மகள். பள்ளியில நானே செல்லிர்றன். இனி நெல் வாங்கல்ல."

வெற்றிதான். ஆனால் கச்சிமுகம்மதுவுக்கு அது இனிக்கவில்லை. சின்ன வயதில் ஒன்றாகக் குர்ஆன் ஓதப் போனவர்கள் இவர்கள். ஹஜ்ஜுக்குப் போய்வந்த மனிதன் இப்படிச் செய்வானா என்ற வருத்தம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"ஏழைகள்ர நெல்லுல கை வைக்க எப்பிடி மனம் வந்திச்சு உங்களுக்கு? மகள், அந்தத் திருகாணிய உள்ளபடி வை. என்ட நெல்லு மெய்யா எத்தினை எண்டு நான் அறியணும்!"

அதே நெல்லில் கொஞ்சம் போட்டுக் கையோடு கொண்டு வந்திருந்த சொப்பிங் பையை மேசையில் வைத்தார்.

"அதுதான் ஒத்துக்கிட்டனே மச்சான், விடுங்களன்," ஹாஜியார் அவர் கையைப் பிடித்தார்.

"விடமாட்டன்!"

ஸஹ்றா திருகாணியை மெல்லத் திருப்பி, சிவப்புக் கோட்டின் இரண்டு துண்டுகளையும் நேராக்கினாள். கிண்ணத்தில் நெல்லைக் கொட்டினாள். இலக்கங்கள் ஓடின. பிறகு நின்றன.

கச்சிமுகம்மது மூக்குக்கண்ணாடி கொண்டு வரவில்லை. "வாசி மகள். பதினாலா, பதிமூணா?"

அவள் இலக்கத்தைப் பார்த்தாள். ஹாஜியாரைப் பார்த்தாள்.

"பத்தொன்பது, மாமா. ஈரத்தக் குறைச்சுக் காட்டத்தான் திருகாணியத் திருப்பியிரிக்காரு."

கச்சிமுகம்மது, ஹாஜியார் பிடித்திருந்த கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்தார். ஹாஜியார் அவர் காதோரம் குனிந்தார்.

"ஊருல செல்லிராதீங்க மச்சான். ஸதக்காவா, தருமமாக் குடுக்கிறன் எண்டு தெரிஞ்சா ஒருத்தரும் எனக்கிட்டக் கொண்டு வரமாட்டாங்க, இன்னும் பாதி ஊர்ர நெல்லு ஈரமாத்தான் கிடக்கு."