பதினெட்டுப் பேர் வேன்

"இருபத்தஞ்சு பேரை ஏத்துன்னா ஏத்த வேண்டியதுதானம்மா. இதுல என்ன யோசனை?"

தீப்பெட்டிக் கம்பெனி மேனேஜர் இசக்கிராஜா உட்காராமலே கேட்டார். கோவில்பட்டியில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்கு 1996-இல் வாய்த்த ஒரே பெரிய வாடிக்கை அவர் கம்பெனிதான். எந்த ஊர்ப் பெண்கள் எந்த வேனில் வருவது என்று பட்டியல் போடும் புரோகிராமை எழுதியவள் சுதாராணி.

"கம்பைலர் ஒத்துக்கிட மாட்டேங்குது அண்ணாச்சி."

"அது யாரு ஒத்துக்கிடுறதுக்கு?"

சுதாராணி விளக்கினாள். பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய இந்தப் புரோகிராமில் வேன் என்றால் வெறும் வேன் இல்லை, 'பதினெட்டுப் பேர் வேன்' என்று ஒரு தனி வகை. இருபத்தைந்து பேர் பட்டியல் வேறு வகை. அதை இதில் திணித்தால், புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்பே, அதை வரிவரியாகச் சரிபார்க்கும் கம்பைலர் மறித்துவிடும்.

அத்தனையும் நிஜம். அவள் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: புரோகிராமில் அவளே எழுதிவைத்த பதினெட்டை அழித்து இருபத்தைந்து என்று அடித்தால் கம்பைலர் வாயே திறக்காது.

போன மாதம் கடம்பூர் ரோட்டில் பாரம் தாங்காமல் கம்பெனி வேன் சரிந்தபோது, உள்ளே நெருக்கியடித்து நின்ற வெள்ளைத்தாய்க்குக் கை ஒடிந்தது. சுதாராணிக்குப் பக்கத்து வீடு.

மேனேஜர் நம்பவில்லை. போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினாள். திரையின் மேலே சிவப்புப் பட்டையில் 'டைப் மிஸ்மேட்ச்', வகை பொருந்தவில்லை என்று பிழை வந்து நின்றது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து, திரை முழுவதையும் நிதானமாகப் படித்தார். இவர் கோபித்துக்கொண்டு போனால் சுதாராணியின் வேலையும் கூடவே போகும்.

"கம்ப்யூட்டர் வந்தா செலவு குறையும்னாங்க. இப்ப இன்னொரு வேன்லா பிடிக்கணும்" என்று சிடுசிடுத்தவர், திரையில் இருப்பதை அப்படியே பிரிண்ட் எடுக்கச் சொன்னார். முதலாளியிடம் காட்ட வேண்டுமாம்.

வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"முதலாளி மகன் ஹரி காலேஜ்ல இந்தப் பாஸ்கல்தான் படிக்கான். நாளைக்கு இங்கன வந்து பாத்தாலும் பாப்பான். அந்தப் பதினெட்டு மூணாவது வரியிலயே பளிச்சுனு நிக்குது. அவன் கண்ணுல படாத எடமாப் பாத்து வையிம்மா."