துணிக்குவியலிலிருந்து ஒரு குரல்

ஒரு வீட்டில் கம்பியில்லாத் தொலைபேசி ஒன்று இருந்தது. அதன் ரிசீவர் வீடெல்லாம் சுற்றும். சுவரோரம் வயரோடு கிடந்து, அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஸ்டாண்டுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல். "ஊர்சுற்றி! பசித்தால்தான் இவனுக்கு என் நினைப்பு வரும்" என்று முணுமுணுக்கும்.

ஒரு மதியம் வீட்டுக்காரர் தணிகாசலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மனைவி குமுதவல்லி தொலைபேசியிடம் ஓடினாள். ரிசீவரைக் காணோம். பதறிப்போய், அதை ஒலிக்கவைத்துத் தேட ஸ்டாண்டில் உள்ள பொத்தானை அழுத்தினாள்.

"எங்கேடா இருக்கே?" என்று கூவியது ஸ்டாண்டு.

"துணிக்குவியலுக்கு அடியில். சார்ஜ் துளிதான் இருக்கு. இப்பவே கத்திட்டா, அப்புறம் பேச மிஞ்சுமா?"

"கத்தலேன்னா உன்னை யாரு எடுப்பா? கத்து!"

ரிசீவர் உயிரைக் கொடுத்துக் கத்தியது. குமுதவல்லி துணிகளை வாரி எறிந்து அதை எடுத்தாள், ஆம்புலன்ஸை அழைத்தாள். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ரிசீவர் திணறாமல் அனுப்ப, ஸ்டாண்டு வியப்போடு வாங்கி வயரில் சேர்த்தது. எதிர்முனையில் விலாசத்தைத் திருப்பிச் சொல்லி முடித்த பிறகுதான் ரிசீவரின் விளக்கு அணைந்தது.

மறுநாள் குமுதவல்லி அதை ஸ்டாண்டில் வைத்தாள். கண் திறந்ததும் ரிசீவர் கேட்டது: "அவர் எப்படி இருக்கார்?"

"பிழைச்சுட்டார், ராசா. பேசாதே, முதல்ல சாப்பிடு."