முப்பது நொடியில் ஆறு இழை

மதிய வெயில் கூரைக் கண்ணாடி வழியாக இறங்கித் தறியின் மேல் சதுரமாகக் கிடக்கிறது. சிவப்பு உடல் முடிந்து பச்சை முந்தானை தொடங்க வேண்டிய இடத்தில் அகிலா குனிந்திருக்கிறாள். வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்ட விரல்களால் ஒரு சிவப்பு இழையோடு ஒரு பச்சை இழையைச் சேர்த்து முறுக்குகிறாள், அடுத்ததை எடுக்கிறாள். நாலாயிரத்துக்கும் மேலே இழைகள், இன்னும் கால்வாசிகூட ஆகவில்லை. பக்கத்தில் நாத்தனார் கீர்த்தியின் போன் விடாமல் சிணுங்குகிறது. காலையில் கீர்த்தி போட்ட ரீல்ஸில் ஊடை நூலைச் சுமந்து நாடா இப்படியும் அப்படியும் பறக்க, முப்பது நொடியில் முழுப் புடவையே வந்துவிடுகிறது. எழுபதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். இருபது வருஷ நெசவில் புடவைக்குக் கீழே, நெய்தவர் என்று, அகிலாவின் பெயர் இருப்பது இதுதான் முதல் தடவை. அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டாள்.

"அண்ணி, துபாய்லர்ந்து ஒரு பொண்ணு கேக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள இதே மாதிரி ஒண்ணு நெய்ஞ்சு தருவீங்களான்னு."

"இன்னிக்கே செவ்வாக்கிழமை."

"எத்தனை நாளாகும்னு அதுக்கு எப்டித் தெரியும்? நாம காட்டினது அரை நிமிஷந்தானே."

அகிலாவின் விரல்கள் நிற்கவில்லை. "அப்போ இந்த இழை சேக்குறதை வீடியோ எடுத்துப் போடு. வேகமா ஓட்டாத, இருக்குற மாதிரியே போடு. அதான் அந்தப் பொண்ணுக்குப் பதில்."

கீர்த்தி எடுக்கிறாள். முப்பது நொடியில் ஆறு இழை சேர்கிறது. போட்டுவிட்டுப் போனை நீட்டுகிறாள். சாம்பல் படாமல் கையை விலக்கிக்கொண்டு அகிலா எட்டிப் பார்க்கிறாள். திரையில் அவள் விரல்கள் ஒரு இழையை முறுக்குகின்றன, இரண்டாவதை எடுக்கின்றன. மூன்றாவது முறுக்கேறும் முன்பே கீர்த்தியின் கட்டைவிரல், அவளையும் அறியாமல், திரையை மேலே தள்ளிவிடுகிறது. அடுத்த ரீல்ஸில் யாரோ தோசை வார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.