சட்டையில் தேன்மெழுகு

வீட்டுக்காரர் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தேன்மெழுகு வாசம்.

வேறு மூக்காக இருந்தால் வியர்வை நாற்றம் என்று விட்டிருக்கும். இது சென்ட் கம்பெனியில் பதினாறு வருடமாகச் சம்பளம் வாங்கும் மூக்கு. அங்கே அவளுக்குப் பெயரே மூக்கக்காதான். புது சென்ட் எதுவானாலும் அவள் மணிக்கட்டிலும் கழுத்திலும் பூசிக்கொண்டு, நாள் முழுக்க முகர்ந்து பார்த்து, தேறும் என்றால்தான் கடைக்குப் போகும்.

மறுபடி முகர்ந்தாள். வலது தோளில்தான் தூக்கல். மேலே தேன்மெழுகு, அடியில் தேவதாரு, அதற்கும் அடியில் அப்போதுதான் இழைத்த பலகை.

சந்தேகமே இல்லை. கம்பெனியில் இவளுக்குக் கீழே புதிதாகச் சேர்ந்திருக்கும் சின்னவள் கலக்கிய சென்ட்.

அது இன்னும் கடைக்கே வரவில்லை. மொத்தமே இரண்டு குப்பி. ஒன்று இவளிடம், இன்னொன்று சின்னவளிடம்.

தன்னுடையதாக இருக்க வழியே இல்லை. காலை ஏழு மணிக்குப் பூசியது பத்து மணிக்கே போய்விட்டது. அதற்குப் பிறகு மணிக்கட்டை எத்தனை முறை முகர்ந்தும் வெறும் தோல்தான். மூன்று நாளும் இதே கதை.

போன மாதம் சின்னவள் வீட்டுக்கு வந்தபோது இவர் விழுந்து விழுந்து உபசரித்ததும், அவள் வாய்க்கு வாய் அண்ணா போட்டதும் இப்போதுதான் உறைத்தது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண் என்றல்லவா நினைத்திருந்தாள்!

சின்னவளுக்கு இது மூன்றாவது முயற்சி. இதுவும் தேறாவிட்டால் வேலை போய்விடும். நிற்காவிட்டால் என்ன, வாசம் அருமை, இன்னொரு வாய்ப்புக் கொடுக்கச் சொல்லலாம் என்று இந்தச் சட்டையை எடுக்கும் வரை மனசு இளகித்தான் இருந்தது.

கைப்பேசியை எடுத்தாள். மூன்று மணி நேரம்கூட நிற்கவில்லை, தேறாது என்று எழுதி முதலாளிக்கும் சின்னவளுக்கும் சேர்த்தே அனுப்பினாள். கொஞ்சம் இனிக்கக்கூடச் செய்தது.

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்தவரின் முகத்துக்கு நேரே சட்டையை நீட்டினாள்.

"யாரு உங்க தோள்ல சாஞ்சது?"

அவர் சட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"நல்லா கேட்டே போ. காலையில பஸ் ஏறினதும் சாஞ்சு குறட்டை விட்டது யாராம்?"

ஆமாம். இன்று அவர் வண்டி ஒர்க்‌ஷாப்பில். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள்.

இப்போது மணி ஆறரை. பதினோரு மணி நேரமாக, வியர்வையையும் மீறி நின்றிருக்கிறது.

நம் தோலில் இருக்கும் வாசத்துக்கு நம் மூக்கு பழகிவிடும், நடுநடுவே வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து முகர வேண்டும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே பாடம் எடுப்பவள் அவள்தான்.

மணிக்கட்டை அவரிடம் நீட்டினாள். அவர் முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை முகர்ந்தார்.

கைப்பேசி சிணுங்கியது. சின்னவள் எழுதியிருந்தாள்.

"பரவாயில்லக்கா. முதலாளி இப்பதான் கூப்பிட்டு நாளையிலேருந்து வர வேணாம்னு சொன்னாரு. உங்க மூக்கு சொன்னா சரியாத்தான் இருக்கும்."