ஐந்தாம் முறை விழுந்தபோது

யாருக்கு இரக்கம் வருகிறது என்று ஆராய்வதற்காக, சமூக உளவியல் பேராசிரியர் எப்சிபா கல்லூரி வராந்தாவில் நான்கு முறை மயங்கி விழுவதுபோல் நடித்திருந்தார். இன்று நெஞ்சை அடைத்தது, நிஜமாகவே விழுந்தார்.

ஆய்வில் உதவும் மாணவர்கள் விலகி நின்று, யார் வருகிறார்கள் என்று குறிக்க நோட்டை எடுத்தார்கள். "மேடம் இந்தத் தடவ செமயா நடிக்காங்கடே!"

நடிப்பில்லை என்று சொல்ல நாக்கு அசையவில்லை. பயத்தில் உடம்பு குளிர்ந்தது.

நான்கு முறையும் ஏமாந்த மாடத்தி, பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு இன்றும் ஓடிவந்தாள்.

"அக்கா, இதுவும் பரீட்சதான்!" என்று சிரித்தார்கள்.

"இருந்துட்டுப் போவட்டும். விழுந்தவுகள தூக்கணும்லா?"

தலையை மடியில் ஏந்திக் கையைப் பிடித்தாள். கை சில்லிட்டிருப்பது தெரிந்ததும் மாடத்தியின் பிடி இறுகுவதை எப்சிபா உணர்ந்தார். சுற்றிலும் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.