ஐந்தாம் தொட்டி

குஞ்சுச் சிப்பியை நகத்தால் அழுத்தினாள். உடையவில்லை.

உடைந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் தொட்டியில் இருப்பது அமில நீர். வரப்போகும் காலத்துக் கடல் எப்படிப் புளித்துக் கிடக்குமோ, அப்படிக் கரியமில வாயுவைச் செலுத்தி அவளே புளிக்க வைத்த நீர். அதில் வளர்ந்தால் ஓடு வெங்காயச் சருகு போலத்தான் வரும்.

இது கல்லாக இருந்தது.

இந்தக் குஞ்சுகள் பிழைத்ததுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரு தாய்ச்சிப்பி, அமிலத்தைத் தாங்கும் மரபணுவைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறது என்று தூத்துக்குடியிலிருந்து கட்டுரை போகப்போகிறது. முதல் பெயர் அவளுடையது.

யாருக்கும் சொல்லாமல் சில குஞ்சுகளின் டி.என்.ஏ.வை எடுத்துப் பார்த்தாள்.

அந்தத் தாய்க்குப் பிறந்தவை அல்ல.

செத்தவற்றை அள்ளிவிட்டு யாரோ வேறு சிப்பிகளைப் போட்டிருக்கிறார்கள்.

தொட்டி அறைக்குள் வருகிறவர்கள் மூன்றே பேர். அவள். கைடு தெய்வசிகாமணி. அப்புறம் ஜெனிட்டா, போன வருடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள்.

ஜெனிட்டாவின் அண்ணன்மார் கடலுக்குப் போகிறவர்கள். எந்தச் சிப்பி கேட்டாலும் மறுநாள் வந்துவிடும். இந்தக் குஞ்சுகள் பிழைத்தால்தான் ஜெனிட்டாவுக்கும் ஆராய்ச்சி.

அதன்பிறகு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. ஜெனிட்டா சீக்கிரம் வந்தால் எதற்கு வந்தாள் என்றிருந்தது. கை ஈரமாக இருந்தால் எந்தத் தொட்டி ஈரம் என்றிருந்தது. மதியம் ஜெனிட்டா நீட்டிய மீன் வறுவலை வேண்டாமென்று தள்ளினாள்.

“என்னக்கா, மேலுக்கு முடியலையா?”

அந்தக் கரிசனமும் நடிப்பாகப் பட்டது.

பொறுக்க முடியாமல் கைடின் அறைக்குப் போனாள். அவர் கணினியில் அவர்களுடைய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“சார், அஞ்சாம் தொட்டியில ஒரு சந்தேகம்.”

அவர் திரும்பவில்லை.

“ஜெனிட்டா மேலதான? அந்தப் பிள்ளைய வேற லேபுக்கு மாத்திருவோம். சிப்பிய யாரு மாத்துனாங்கன்னு நீ கிளறிக்கிட்டு இருக்காத. கட்டுரை போகட்டும்மா.”

அவள் எந்தப் பெயரையும் சொல்லியிருக்கவில்லை.

சிப்பி மாறியதையும் சொல்லியிருக்கவில்லை.

அவர் ஒரு வரியை அழித்துவிட்டு மறுபடி அடித்தார். நிதானமாக.

அவர் கையெழுத்து இல்லாமல் அவளுக்குப் பட்டம் இல்லை.

“சரி சார்” என்று வெளியே வந்தாள்.

தொட்டி அறையில் ஜெனிட்டா தரையில் சம்மணமிட்டுக் காற்றுக்குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து சிரித்தாள். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஐந்தாம் தொட்டியின் வாயுவை மூடினாள். குமிழிகள் நின்றன. உள்ளே இருந்த சிப்பிகளை எடுத்துச் சின்னச் சின்னக் குப்பிகளில் போட்டு, எத்தனால் ஊற்றி இறுக மூடினாள். இனி அவை கெடாது. யார் கேட்டாலும் டி.என்.ஏ. எடுத்துக் காட்டலாம்.

“ஏங்க்கா நிறுத்திட்டிய?”

“முதல்லயிருந்து பண்ணணும். நாளைக்குப் புதுத் தாய்ச்சிப்பி எடுக்கணும். ஒங்க அண்ணன் படகு கிடைக்குமா?”

ஜெனிட்டா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குப்பிகளைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

“சார்ட்ட சொல்லியாச்சாக்கா?”

“சாருக்குத் தெரியும்.”